வாழைப்பழ அழுகலும் மருந்து பக்தியும்

நமது நாட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அதற்குக் காரணம் சொல்லுவது என்பது மிகவும் சுலபமான காரியமாக இருந்து வருகின்றது. மாடு செத்தால் கண்ணேறு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆத்தாள் கோபம், வாழைத்தார் அழுகினால் ராகு காலத்தில் வெட்டினது அல்லது எவனோ ஒருவன் தோட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இவ்வளவோடு விசாரணை முடிந்துபோகும். தோட்டத்து முகப்பில் ஒரு பானையைக் கவிழ்த்து அதில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி வைத்துவிட்டால் பரிகாரமும் முடிந்துபோகும். பானை வைத்த தோட்டத்துத் தாரும் அழுகுகின்றதே என்று கேட்டால், பானை வைக்காவிட்டால் இன்னும் அதிகமாக அழுகியிருக்கும் என்பார்கள். இந்தப் பதிலை எதிர்த்து வாதாட யாராலும் முடியாது. ஏனென்றால் இது வாதமே அல்ல.

நிற்க, இந்த ஆசாமியே மறுநாள் மருந்துக் கடைக்குப் போகின்றார். போனவர், "என் காய் அழுகுகின்றது, எதனால் அழுகுகின்றது, எந்த இடத்தில் அழுகல் தொடங்குகின்றது, இந்த மருந்து அதை என்ன செய்யும்?" என்று கேட்கின்றாரா என்றால் அதுதான் இல்லை. "ஏதாவது நல்ல மருந்தாகக் கொடப்பா" என்கின்றார். கடைக்காரர் எந்தப் பொட்டலத்தில் அதிகக் கமிஷன் உண்டோ அதை எடுத்துக் கொடுக்கின்றார். வீட்டுக்கு வந்ததும் ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டுக் கலக்கி, தாரை முக்கி எடுக்கின்றார். இவர் பானையை விட்டுவிட்டுப் பொட்டலத்துக்கு வந்துவிட்டதால் மூடநம்பிக்கையை விட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால் நாம் அதை ஒப்புக்கொள்ளமாட்டோம். பானை இருந்த இடத்தில் பொட்டலம் உட்கார்ந்திருக்கின்றது, அவ்வளவுதான். இதை நாம் மருந்து பக்தி என்கின்றோம்.

இது என்ன பெரிய சங்கதி, வாழைப்பழத்துக்கு ஒரு தலையங்கமா என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். கேட்பவர்கள் விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து இரும்பு உருக்காலையிலிருந்தும் மற்ற ஆலைகளிலிருந்தும் வெளியே வருகின்ற தொழிலாளி, அவன் நம் ஊர்க்காரனாக இருந்தாலும் பீகாரிலிருந்தோ ஒரிசாவிலிருந்தோ வந்தவனாக இருந்தாலும், டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு வாழைப்பழமும் வாங்கித்தான் பசியை அடக்குகின்றான். ஆப்பிள் அவனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாங்குகின்ற பண்டம். வாழைப்பழம்தான் அவனுக்குப் பழம். அது அழுகினால் டீக்கடைக்காரருக்கு நஷ்டம். அவர் மண்டியில் அடித்துப் பேசுவார். மண்டிக்காரர் "கழிவு" என்று ஒரு தொகையை எழுதி அதை விளைவித்தவன் தலையில் இறக்குவார். அழுகல் எந்த இடத்தில் உண்டானாலும் கடைசியில் அதற்குப் பணம் கட்டுகின்றவன் வாழை வைத்த குடியானவனே. இந்தியாவில் ஆண்டொன்றுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வாழை விளைகின்றது. உலகத்தில் இவ்வளவு விளைகின்ற தேசம் வேறு இல்லை. ஆனால் விளைந்ததைக் கெடாமல் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்ற புத்தியில் நாம் முதலாவதாக இருக்கின்றோமா என்பதுதான் கேள்வி.

திருவள்ளூர் ஜில்லாவாசிகளுக்கு இது 2020-ஆம் வருஷத்தில் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். கொரோனா தொற்றினால் அவ்வருஷம் மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கும் பழக் கடைகளை மாதவரத்துக்கும் மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி கூட்டமான இடத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகின்றது என்பதை அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டோம். அதே நியாயம் வாழைத்தாருக்கும் பொருந்தும் என்று மட்டும் நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

வாழையை அழுகச் செய்வது பூஞ்சாணம். பழைய சோற்றிலும் ஈரச் செருப்பிலும் பூக்கின்றதே அந்த இனம். இதற்குக் கண்ணேறும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. இதில் பல ஜாதிகள் இருக்கின்றன (பூஞ்சாணத்துக்கு ஜாதி சொல்லுவதில் நமக்கு ஆட்சேபணையில்லை). கொல்லெட்டோட்ரைக்கம் என்பது ஒன்று, லாசியோடிப்ளோடியா என்பது ஒன்று, பியூசேரியம் என்பது ஒன்று. இவை தோட்டத்திலேயே, காய்ந்து தொங்குகின்ற சருகிலும், காயின் நுனியில் ஒட்டியிருக்கின்ற வாடின பூவிலும், கீழே கிடக்கின்ற பழைய தண்டிலும் குடியிருந்துகொண்டு, மழைத்துளியிலும் காற்றிலும் வித்துக்களைப் பரப்புகின்றன. அந்தச் சருகையே எடுத்து லாரியில் தார்களுக்கு மெத்தையாகப் போடுகின்றோம். திருடனைக் காவலுக்கு வைத்து நகையையும் அவன் மடியிலேயே கொடுத்தது போன்ற ஏற்பாடு இது.

இதில் முதலில் சொன்ன கொல்லெட்டோட்ரைக்கம் செய்கின்ற வேலை மிகவும் தந்திரமானது. காய் பச்சையாக மரத்தில் இருக்கும்போதே அதன் வித்துத் தோலில் ஒட்டி முளைத்து, ஒரு சிறு பிடிப்பை உண்டாக்கிக்கொண்டு அப்படியே தூங்கிவிடும். பச்சைக் காயின் தோல் அதை உள்ளே விடாது. காய் பழுத்து, மாவு சர்க்கரையாகி, தோல் இளகினவுடன் அது விழித்துக்கொள்ளும். அப்போதுதான் பழத்தில் கறுப்புக் குழிகளும், குழியின் நடுவில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த பிசினும் தெரியும். வாங்கினபோது நன்றாயிருந்த பழம் வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் கெட்டுவிட்டதே, யார் கண் பட்டதோ என்று நம் தாய்மார்கள் சொல்லுவது இதைத்தான். கண் பட்டது நேற்றல்ல. இரண்டு மூன்று மாதத்துக்கு முன் தோட்டத்தில் பூஞ்சாணம் பட்டது. சாமிக்கு முன்னால் படைத்த சீப்பிலும் இதே குழி இதே நாளில்தான் விழுகின்றது என்பதை வேண்டுகின்றவர்கள் சோதித்துப் பார்க்கலாம். செலவு ஒன்றும் அதிகமில்லை.

ஆனால் நன்றாய்ப் பழுத்த பழத்தில் மேலாக விழுகின்ற சிறு பழுப்புப் புள்ளிகளையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக்கூடாது. அது தோல் மூப்பு. உள்ளே சுளை நன்றாகவே இருக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்த பழம் கறுப்பதும் அழுகல் அல்ல. வாழை சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர் தாங்காத ஜன்மம். தோல் கறுத்துப்போகும். இவைகளைக் கண்டு பழத்தைக் குப்பையில் கொட்டுகின்ற வீடுகள் ஊருக்கு நூறு இருக்கும்.

இனி இன்னொரு அழுகல். சீப்பை இலை போல் விரித்துப் பார்த்தால், காய்களெல்லாம் ஒன்று சேர்ந்திருக்கின்ற அடிப்பாகம் இருக்கின்றதல்லவா, தாரிலிருந்து கத்தியால் வெட்டின இடம், அந்த வெட்டுவாயில் வெள்ளையாகவும் சாம்பலாகவும் பூத்து, பிறகு கறுத்து, காம்பு வழியாக உள்ளே இறங்கி, தூக்கினால் பழம் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். உலகத்து வாழை வியாபாரத்தில் மிகப் பெரிய நஷ்டத்தை உண்டாக்குவது இதுதான். இதனுடைய சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டியது அவசியமாகின்றது. ஏனென்றால் நோய் என்பது ஆகாயத்திலிருந்து விழுவதல்ல, மனிதன் செய்கின்ற காரியத்தின் வழியாகவே பெரும்பாலும் வருகின்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முன்பெல்லாம் மத்திய அமெரிக்காவிலிருந்து கப்பலில் போன வாழை குரோ மிஷேல் என்ற வகை. தடித்த தோல். தாரைத் தாராகவே கப்பலில் ஏற்றினார்கள். அந்த வகையைப் பனாமா வாடல் என்ற மண் நோய் தின்று தீர்த்தது. 1960-ஐ ஒட்டின வருஷங்களில் அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் என்ற வகை வந்தது. நம் ஊரில் மோரிஸ் என்றும் பச்சை வாழை என்றும் ஜி-9 என்றும் சொல்லுகின்றோமே அந்தக் குடும்பம். அது வாடலுக்குத் தாங்கியது, ஆனால் தோல் மெல்லியது, தாராக ஏற்றினால் நசுங்கிப்போகும். ஆகவே தோட்டத்திலேயே சீப்புச் சீப்பாக வெட்டி, தொட்டித் தண்ணீரில் பால் போகக் கழுவி, அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டி வந்ததும் நசுங்கல் போயிற்று. ஆனால் ஒரு தாரில் ஒரு வெட்டு இருந்த இடத்தில் சீப்புக்கு ஒரு வெட்டாக எட்டுப் பத்துப் புண்கள் ஏற்பட்டன. அந்தப் புண்களை வித்துக்கள் மிதக்கின்ற தண்ணீரில் முக்கினார்கள். வெட்டுவாயில் இருக்கின்ற நரம்புக் குழாய்கள் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளுகின்றன, வித்தும் கூடவே போகின்றது. சீப்படி அழுகல் பெரிய வியாதியாக வளர்ந்தது இப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் மருந்து வந்தது. 1960-களின் ஆரம்பத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயிற்றுப் புழு போக்குவதற்கென்று தையாபெண்டசோல் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அது பூஞ்சாணத்தையும் அடக்கும் என்று பின்னால் தெரிந்து பழத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் பெனோமில் என்பதும், அதையொட்டிக் கார்பெண்டசிம் என்பதும் வந்தன. இவை மூன்றும் பங்காளிகள். பெனோமில் தண்ணீரில் கலந்தால் கார்பெண்டசிமாகவே மாறிவிடும். பூஞ்சாணத்தின் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு உள்ளே ஒரு நூல் வேலை நடக்கின்றது. அந்த நூலைத் திரிக்கவிடாமல் தடுப்பதுதான் இம்மூன்றின் தொழில். ஆகவே பூஞ்சாணம் செத்து விழுகின்றது என்பதைவிட, வளர முடியாமல் நின்றுவிடுகின்றது என்பதே சரி.

இதிலிருந்து என்ன ஏற்படுகின்றது என்றால், வெட்டின உடனே, வித்து முளைத்து உள்ளே இறங்குவதற்குள் மருந்து பட்டால்தான் பலன். இன்று காலையில் வெட்டி, லாரியில் ஒரு ராத்திரி ஆந்திராவிலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து, மண்டியில் அரை நாள் கிடந்து, பிறகு மருந்தில் முக்கினால் அது செத்த பிறகு வாயில் விடுகின்ற பால்தான். இரண்டாவது, அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய சிபார்சு ஒன்றில் அறுவடைக்குப் பின் முக்குவதற்குக் கார்பெண்டசிம் பத்து லட்சம் பங்குக்கு 400 பங்கு என்று இருந்தது. கடையில் கிடைக்கின்ற தூளில் பாதிதான் மருந்து, மற்றப் பாதி வெறும் மாவு. ஆகவே கணக்குப் போட்டால் 100 லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் தூள் வருகின்றது. இந்தக் கணக்கைப் போடுவதற்கு நாலாம் வகுப்பு வாய்ப்பாடு போதும். ஆனால் தொட்டியருகில் தராசு வைத்திருக்கின்ற மண்டி எத்தனை? "ஒரு கை" என்பது ஒருவனுக்கு 50 கிராம், இன்னொருவனுக்கு 150 கிராம். குறைந்தால் பழம் அழுகும். கூடினால் அழுகல் மேலும் குறைந்துவிடாது, தின்கின்றவன் வயிற்றிலும் முக்குகின்றவன் தோலிலும்தான் கூடும்.

மூன்றாவது சங்கதிதான் மிகவும் முக்கியமானது. ஒரே பங்காளிக் குடும்பத்து மருந்தை வருஷக்கணக்காக ஊற்றிக்கொண்டே வந்தால், கோடிக்கணக்கான வித்துக்களில் எங்கேயோ ஒன்று அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கும். மற்றவை அடங்கினபின் அந்த ஒன்றுக்குப் போட்டியில்லை. அது பெருகும். ஒன்றுக்கு அடங்காதது அதன் பங்காளிகளுக்கும் அடங்காது. வாழை ஏற்றுமதித் தேசங்களில் இது நடந்தது. இதை டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு என்று பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படிக்கின்றோம், தோட்டத்தில் நடக்கும்போது "மருந்தில் கலப்படம்" என்கின்றோம். கலப்படமும் உண்டுதான், இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சுத்தமான மருந்தும் தோற்கும் என்பதையும், தோற்கிற மருந்தை இரட்டிப்பாக ஊற்றுவது தோல்வியை இரட்டிப்பாக்குவதே என்பதையும் அறிய வேண்டாமா?

இனி சட்டத்தின் கதையைப் பார்ப்போம். பெனோமிலைச் செய்துவந்த அமெரிக்கக் கம்பெனியே 2001-இல் அதை விற்பதை நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் 2018 ஆகஸ்டில் தடை செய்தார்கள். கார்பெண்டசிம், உயிரணுவின் பரம்பரைப் பொருளையும் பிள்ளைப்பேற்றையும் கெடுக்கக்கூடியது என்று ஐரோப்பியர்கள் வகை பிரித்து, 2014-உடன் தங்கள் தேசங்களில் அதன் அனுமதியை முடித்துவிட்டார்கள். பிரேசிலில் 2022-இல் நிறுத்தினார்கள். நம் மத்திய அரசாங்கம் 2020 மே மாதம் 27 மருந்துகளை நிறுத்தலாமென்று ஒரு நகல் உத்தரவு போட்டது. அதில் கார்பெண்டசிமும் ஒன்று. 2023-இல் வந்த கடைசி உத்தரவில் முழுவதும் நிறுத்தப்பட்டவை மூன்றேதான், அந்த மூன்றில் இது இல்லை. 27-இல் 24 எப்படி நல்லவையாயின என்பதை உத்தரவு போட்டவர்கள் பாமர மக்களுக்கு விளங்கும்படி தமிழில் ஒரு பக்கம் எழுதியிருந்தால் நாமும் படித்துத் திருப்தியடைந்திருப்போம்.

தின்கின்றவனைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகின்றார்கள். பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் அந்தக் கூச்சல்தான். முக்குகின்றவனைப் பற்றிக் கவலைப்படுகின்றவர் யார்? ஒரு மண்டியில் ஒரு பையன், வயது பதினெட்டு இருக்கலாம், முழங்கை வரையில் வெறுங்கையைத் தொட்டியில் விட்டுத் துழாவிக் கொண்டிருந்ததை நாம் பார்த்தோம். கையுறை எங்கே என்று கேட்டதற்கு, வழுக்குகின்றது என்றான். அது மெய்தான், அவனுக்குக் கொடுத்திருந்தது வழுக்குகின்ற மலிவுக் கையுறை. மருந்தின் பெயர் என்னவென்று கேட்டோம். "பவுடர்" என்றான். பொட்டலத்தில் ஏதோ ஒரு நிறத்தில் முக்கோணம் இருந்ததே, அது எதற்கு என்றோம். கம்பெனி அடையாளம் என்றான்.

அந்த முக்கோணம் கம்பெனி அடையாளமல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறம் சட்டத்தில் உண்டு. சிவப்பு மிகக் கொடியது, பச்சை மிகக் குறைந்தது. ஆனால் எதில் குறைந்தது? வாயில் போனால் அல்லது மேலே பட்டால் உடனே கொல்லுகின்ற சக்தியை எலியின்மீது சோதித்து அளந்து கொடுத்த நிறம் அது. பத்து வருஷம் தினமும் கைபட்டால் என்னவாகும் என்பதற்கு அந்த நிறம் பதில் சொல்லாது. கார்பெண்டசிம் எலியை உடனே கொல்லுவதில் மிகவும் சாதுவான சரக்கு. ஐரோப்பியர் அதை நிறுத்தினது வேறு காரணத்துக்காக. நிறத்தைப் பார்த்து ஏமாறுவதில் நெற்றி நிறமும் பொட்டல நிறமும் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.

வாழைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றவர்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் வேர்ப்புழுவுக்காக நெமகான் என்ற மருந்தை மண்ணில் செலுத்தி வந்தார்கள். 1977-இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போனது அந்த மருந்தினால்தான் என்று தெரிந்தது. பிறகு தோட்டங்களில் விசாரித்தால் ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள் அதே கதியில் இருந்தார்கள். வழக்குகள் பல பத்தாண்டுகள் நடந்தன. நமது நாட்டில் இப்படி ஒரு தோட்டத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு கூலிக்காரன் வீட்டிலும் பெண்டாட்டியை மலடி என்று சொல்லி, அரச மரத்தைச் சுற்றவிட்டு, அதற்கும் பலிக்காவிட்டால் இரண்டாம் கலியாணம் செய்திருப்பார்கள். இரண்டாமவளும் மலடியாயிருப்பாள். மருந்தின் குற்றத்துக்கும், கையுறை வாங்கிக் கொடுக்காத முதலாளியின் குற்றத்துக்கும் தண்டனை அனுபவிக்கின்றவள், மருந்தைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு பெண். கார்பெண்டசிமும் நெமகானும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அவை வேறு, அளவும் வேறு, காரியமும் வேறு. ஆனால் உடனே கொல்லாதது கெடுக்காது என்று நினைக்கின்ற புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கின்றது. 2017-இல் மகாராஷ்டிரத்தில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த குடியானவர்களும் கூலிகளும் 20 பேருக்குமேல் செத்தார்கள். அவர்களிடம் கையுறையும் முகமூடியும் இருந்தனவா என்ற விசாரணை அவர்கள் செத்த பிறகே ஆரம்பமாயிற்று.

இப்படிச் சொல்லுவதினால் மருந்தே கூடாது, எல்லாம் விஷம் என்கின்ற கூட்டத்தாருக்கு நாம் துணை போவதாக எண்ணிவிடக்கூடாது. அவர்களுடைய மூடத்தனம் பானை வைப்பவர் மூடத்தனத்துக்குக் குறைந்ததல்ல, படித்த மூடத்தனமாகையால் கொஞ்சம் அதிகமென்றே சொல்லலாம். வாழைப்பழத்தில் ஊசி போடுகின்றார்கள் என்று ஒருவர் கைப்பேசியில் அனுப்ப, அதை நூறு பேர் மறு அனுப்புகின்றார்கள். யார் போட்டது, எந்த ஊரில், எதற்காக என்று ஒருவர் கேட்பதில்லை. பழுக்க வைப்பதும் அழுகலைத் தடுப்பதும் வெவ்வேறு காரியம் என்பதுகூட இவர்களுக்குத் தெரிவதில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். அதில் ஆர்செனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கக்கூடும். அதை வைக்கின்றவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கார்பைடு அழுகலுக்கு மருந்தல்ல. அதற்குப் பதிலாக எத்திலீன் என்ற வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரையில் அறையில் விட்டுப் பழுக்க வைக்கலாமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் 2016-இல் அனுமதித்திருக்கின்றார்கள். எத்திலீன் என்பது பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்ளுகின்ற வாயு. அதைக் கேட்டு "ஐயோ கெமிக்கல்" என்று ஓடுகின்றவர் தாம் குடிக்கின்ற தண்ணீரும் கெமிக்கல் என்பதை யோசிக்க வேண்டும். பச்சை வாழை நம் ஊர் வெயிலில் பழுத்த பிறகும் பச்சையாகவே இருப்பது ஏன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சுமார் 24 டிகிரிக்கு மேலே அந்த வகையின் தோலில் பச்சை நிறம் போகாது. 16, 18 டிகிரி அறையில் பழுக்க வைத்தால் அதே காய் மஞ்சளாகும். மஞ்சளாயிருந்தால் விஷம் என்பதும் பச்சையாயிருந்தால் பழுக்கவில்லை என்பதும் இரண்டுமே தப்பு.

ஆகவே மருந்தை எங்கே வைப்பது? நமது அபிப்பிராயத்தில் கடைசியில் வைக்க வேண்டும். மருந்து எட்டாத இடங்களிலேயே அழுகலில் பெரும்பங்கு தடுக்கப்படக்கூடியதாக இருக்கின்றது. தோட்டத்தில் காய்ந்த சருகையும், காய் நுனியின் வாடின பூவையும் எடுத்துவிடுவதற்குக் கூலி மட்டுமே செலவு. சீப்பு வெட்டுகின்ற கத்தி கூராயிருந்து, ஒரே இழுப்பில் வழவழப்பாக வெட்டி, அடியில் கொஞ்சம் சதையை விட்டு வைத்தால் பூஞ்சாணம் காம்புக்குப் போய்ச்சேர நாளாகும். மொக்கைக் கத்தியால் பிய்த்தெடுத்த வெட்டுவாய் அதற்குத் திறந்த வாசல். முற்றிப்போன காயை வைத்துக்கொண்டு விலை பார்க்கின்றவர் அழுகலையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் மேலானது தண்ணீர். காலையில் நிரப்பின தொட்டியில் சாயங்காலம் வரையில் நூற்றுக்கணக்கான சீப்பைக் கழுவினால், முதல் சீப்பின் வித்து கடைசிச் சீப்புக்கு வந்து சேருகின்றது. இது கழுவுவதல்ல, கோவில் குளத்தில் எல்லோரும் இறங்கிப் பாவம் போக்கிக்கொள்ளுவது மாதிரி, ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்கிக்கொள்ளுகின்ற காரியம். தண்ணீரை மாற்ற வேண்டும். குளோரின் போடுகின்றவர்கள், அழுக்கும் பாலும் சேர்ந்த தண்ணீரில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் வீட்டுப் படிகாரம், நூற்றுக்கு ஒன்று கரைத்த தண்ணீர், பாலைத் திரட்டி நிறுத்துவதோடு வெட்டுவாயில் பூஞ்சாணத்தையும் ஓரளவு மட்டுப்படுத்துகின்றது. மருந்தில்லாமல் விளைவிக்கின்ற வாழையை ஏற்றுமதி செய்கின்ற தேசங்களில் இதைத்தான் பயன்படுத்துகின்றார்கள். படிகாரத்தைத் திருஷ்டிக்காகக் கடை வாசலில் கட்டித் தொங்கவிடுகின்ற மண்டிக்காரர்கள் அதை அவிழ்த்துத் தொட்டியில் போட்டால் உபயோகமாயிருக்கும்.

இதற்குமேல் ஆராய்ச்சிக்காரர்களும் சும்மா இல்லை. சூடான தண்ணீரில், சுமார் 50 டிகிரியில், சில நிமிஷம் முக்கி எடுத்தால் தோலின் மேலிருக்கின்ற பூஞ்சாணம் அடங்குகின்றது. அதிக நேரம் விட்டால் தோல் வெந்துபோகும், ஆகையால் கடிகாரமும் வெப்பமானியும் வேண்டும். இலங்கையில் இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் இந்தப் பூஞ்சாணங்களை அடக்குவதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். "பார்த்தீர்களா, நம் பாட்டி வைத்தியம்!" என்று உடனே குதிக்க வேண்டாம். எந்தப் பாட்டியும் வாழைச் சீப்பில் கிராம்பு எண்ணெய் தடவினதில்லை. சோதித்தவர்கள் அளவும் நேரமும் குறித்துச் சோதித்தார்கள், அதனால்தான் அது அறிவாயிற்று. திருச்சியில் 1993 முதல் வாழைக்கென்றே மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கின்றது. அங்கே கண்டுபிடிக்கின்றது திருவள்ளூர் மண்டித் தொட்டி வரையில் வந்து சேருவதற்கு எத்தனை வருஷம் பிடிக்கின்றது என்பதே நமது குறை. ஒரு சாமியார் சொன்ன சங்கதி ஒரே நாளில் எல்லா ஊருக்கும் வந்துவிடுகின்றதே!

எல்லாவற்றுக்கும் பிறகு மருந்து அவசியமென்று ஏற்பட்டால், அது சட்டப்படி பழத்தை முக்குவதற்கென்றே அனுமதிக்கப்பட்டதா என்று பொட்டலத்தோடு வருகின்ற துண்டுக் காகிதத்தில் பார்க்க வேண்டும். வயலில் தெளிப்பதற்கு அனுமதி பெற்றது முக்குவதற்கு அனுமதி பெற்றதாகாது. இரண்டும் ஒன்றுதானே என்று கடைக்காரர் சொல்லுவார். அவருக்கு இரண்டிலும் லாபம் ஒன்றுதான். தராசில் நிறுத்துக் கரைக்க வேண்டும். முழங்கை வரை வருகின்ற, வழுக்காத கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டியது கூலிக்காரனல்ல, மண்டி வைத்திருப்பவர். மருந்துத் தண்ணீரை வேலை முடிந்ததும் தெருச் சாக்கடையிலும் ஏரிக் கால்வாயிலும் விடக்கூடாது. ஆலைக் கழிவினால் நொந்துபோயிருக்கின்ற கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு இதை நாம் சொல்லித்தரத் தேவையில்லை, அவர்கள் தண்ணீரைப் பற்றி நமக்கே சொல்லித்தருவார்கள்.

வாங்குகின்றவர்கள் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. சீப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பூத்திருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவர் மண்டியில் சொல்லட்டும். தையாபெண்டசோல் போன்றவற்றில் பெரும்பாகம் தோலிலேயே நின்றுவிடுகின்றது. தோலுரித்த கையைக் கழுவிவிட்டுக் குழந்தைக்கு ஊட்டுவது நல்லது. இதற்குமேல் பயப்பட வேண்டியதில்லை, பழத்தைத் தின்னாமல் விடவும் வேண்டியதில்லை.

திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் விவசாயிகள் குறை தீர்க்கும் கூட்டம் நடக்கின்றது. அங்கே போகின்ற தோழர்கள் வழக்கம்போல் உரத்தையும் கடனையும் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், அறுவடைக்குப் பின் பழத்துக்கு உபயோகிக்க எந்தெந்த மருந்துக்கு இன்று அனுமதி இருக்கின்றது, எவ்வளவு, மண்டித் தொட்டிகளை யார் எப்போது வந்து சோதித்தார்கள், முக்குகின்ற கூலிகளுக்குக் கையுறை கொடுக்காத மண்டிக்கு இதுவரையில் ஒரு ரூபாயாவது அபராதம் விதித்ததுண்டா என்பதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். போகும்போது தொட்டியோரத்தில் கிடக்கின்ற காலிப் பொட்டலம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போவது நலம்.